ஏழு பேருக்கு ஆறு குரல்

மலைக்குப் போகும்போது ஏழு பேருக்கு ஆறு குரல் இருந்தது. திரும்பி வரும்போதும் ஏழு பேருக்கு ஆறு குரல்தான் இருந்தது. எண்ணிக்கை குறையாமல் வந்து சேர்ந்துவிட்டதால் முதல் இரண்டு நாள் ஊரில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

நான் கோமதிநாயகம், டவுன் பஸ் டிரைவர். டிரைவருக்குக் குரல் ஒரு பொருட்டே இல்லை. ஒரு விசில் கேட்டால் நிறுத்துவோம், இரண்டு விசில் கேட்டால் எடுப்போம், மற்ற நேரத்தில் குறுக்கே வருகிற ஆட்டோக்காரனைத் திட்டுவதோடு சரி. எனக்குப் பதினாலு வருஷம் விசில் கொடுத்தவர் திருமலைக்குமார் அண்ணன். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் அவர் குரலுக்குத் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் ஒரு கட்டி வந்து, அதை அறுத்து எடுத்தபோது குரலும் சேர்ந்து போய்விட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், எந்த வண்டி, யாருக்கு என்றைக்கு வார ஓய்வு என்று டூட்டி சார்ட் எழுதுகிற வேலையைக் கொடுத்து டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் அவரை உட்கார வைத்தார்கள். பேசிப் பேசியே வளர்ந்த மனுஷன் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க மனசில்லாமல் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். இது என் தப்புதான், மறைக்க மாட்டேன்.

ஆனி கடைசியில் மேற்கே மலையைத் தாண்டிச் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் மனமகிழ் மன்றம் ஒரு வேன் பிடித்து அருவிக்குப் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரோட்டா தின்று, வேனிலேயே தூங்கிக்கொண்டு திரும்பும். அந்த வருஷம் சும்மா கிடந்த சங்கை ஊதியவர் செக்கிங் இன்ஸ்பெக்டர் சண்முகவேல். டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார், அவர் எங்களை நடக்கச் சொன்னார். மலைமேல் மூங்கில் பள்ளத்தைத் தாண்டி வனத்துறை ஓய்வுக் குடில் இருக்கிறது, ஏறிப் போய் ஒரு ராத்திரி தங்கி இறங்குவது, ஆங்கிலத்தில் இதற்கு டிரெக்கிங் என்று பெயர், என்றார். பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனைக்கூட அவ்வளவு அன்பாக அவர் கூப்பிட்டதில்லை என்பதால் பயந்து நாலு பேர் பெயர் கொடுத்தோம்: நான், கண்டக்டர் ஷேக் மைதீன், மெக்கானிக் சுடலைமுத்து, ஆபீஸ் டைப்பிஸ்ட் ஜெபக்கனி. குமார் அண்ணன் பெயரை நான்தான் எழுதினேன். அவரைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அவர் மனைவி உலகம்மாள் மைனியும் கிளம்பி வந்தார்.

ஆடிச் சாரல் கொட்டுகிற மழை இல்லை, விடாத மழை. நனைகிறோம் என்று தெரியாமலே நனைந்துவிடுவோம். பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலில் அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு, ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் ஏறினோம். வழிகாட்ட வந்த காளியப்பன் மலையிலேயே பிறந்தவர், அதிகம் பேசாதவர். மூங்கில் பள்ளத்துக்கு முன்னால் அவர் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இங்கன பஞ்சு மூட்டம் இறங்கும். இறங்கிட்டா யாரும் யாரையும் கூப்பிடப்படாது. கையைக் கோத்துக்கிட்டு அப்படியே நிக்கணும். தன்னால போயிரும்."

நல்ல புத்திதான். ஆனால் அதைச் சொன்ன இடம் சரியில்லை. வாழ்நாள் முழுக்கக் கூவிப் பிழைத்த கூட்டத்திடம் போய் வாயைத் திறக்காதே என்றால் எப்படி? மூட்டம் இறங்கியது, எனக்கு என் கையே தெரியவில்லை. பக்கத்தில் இருப்பது செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டால் என்ற பயத்தில் நான் யார் கையையும் பிடிக்கவில்லை, மற்றவர்களும் அதே பயத்தில்தான் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. முதலில் மைதீன்தான் பழக்கதோஷத்தில் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!" என்று சத்தம் கொடுத்தான். உடனே சுடலைமுத்து அவனைக் கூப்பிட, ஜெபக்கனி சுடலைமுத்தைக் கூப்பிட, உலகம்மாள் மைனி "ஏங்க, ஏங்க" என்று கதற, இன்ஸ்பெக்டர் "சைலன்ஸ்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்த, நானும் என் பங்குக்குக் கூவினேன். குமார் அண்ணன் மட்டும் பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். எல்லோரும் நின்றோம்.

மூட்டம் விலகியது. குமார் அண்ணன் என் கழுத்தைக் காட்டி, "அட்டை! ஏலே கோமதி, கழுத்துல அட்டை!" என்றார்.

சொன்னது அவர் வாய், குரல் இன்ஸ்பெக்டருடையது. இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார், காற்று வந்தது. மைதீன் "யா அல்லா" என்றான், ஜெபக்கனியின் மெல்லிய குரலில். ஜெபக்கனியோ சுடலைமுத்துவின் கட்டைக் குரலில் "ஏசுவே" என்றாள். காளியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கலந்துட்டு," என்றார். மழைக்கு ஒதுங்கின ஆடுகள் கலந்துவிட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "ஒண்ணும் பயப்பட வேண்டாம். குரலு இப்ப வேர் பிடிக்காம கிடக்கும். வச்சிருக்கவுக, குடுக்க வேண்டிய ஆளைப் பேரு சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டவுகளுக்கு அவுக வாயைத் திறந்து பதில் சொன்னா, குரலு அங்க போயிரும். வெறும் பேருதான். அண்ணன் தம்பி, சாரு மோருன்னு எதுவும் ஒட்டப்படாது."

அப்படியே செய்தோம். ஒருவரை ஒருவர் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஓய் என்றும் என்ன என்றும் பதில் சொல்லி, குரல்களை எல்லாம் வீடு சேர்த்தோம். கடைசியில் மிச்சம் இன்ஸ்பெக்டர் குரல் மட்டும்தான். குமார் அண்ணன் திருப்பிக் கொடுக்க வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி, அப்புறம் பார்க்கலாம் என்று சைகை செய்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து குமார் அண்ணன் பேசினார். மூன்று வருஷப் பேச்சு. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்பதில் ஆரம்பித்தார். டூட்டி சார்ட்டில் எனக்கு எப்போதும் மதிய ஷிப்ட் போட்டது வேண்டுமென்றேதான், நீ பார்க்கவே வரவில்லையே என்ற கோபத்தில்தான் என்றார். வழியில் பார்த்த ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தார். குடிலில் கஞ்சி குடிக்கும்போதும் பேசினார். இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து தன் குரல் இன்னொருவர் வாயில் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் சிரித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

விடிந்ததும் குமார் அண்ணன் எழுந்து நின்று, "சார்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சண்முகவேல்!" என்றார். இன்ஸ்பெக்டர் "எஸ்" என்றார். முடிந்தது. குமார் அண்ணன் ஒரு வார்த்தை முனகாமல், முனகத்தான் முடியாதே, பாயைச் சுருட்டப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதன்முதலாகச் சொன்னது இதுதான்:

"டிப்போவுல எல்லாருக்கும் வாரத்துக்கு ஒரு நாள் ஆஃப் இருக்கு. குரலுக்கு மட்டும் ஏன் இல்ல? ஆளுக்கு ஒரு நாள் குமாருக்குக் குடுப்போம். நான் சார்ட் போடுதேன்."

இரக்கம் என்ற சாமானை அந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ தெரியாது. காளியப்பன் மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லி வைத்தார். "சாரல் இருக்க வரைக்கும் இது நடக்கும். என்னைக்குச் சாரல் நிக்கோ, அன்னைக்கு எந்தத் தொண்டையில இருக்கோ அங்கனயே வேர் பிடிச்சிரும். பெறவு நீங்க தலைகீழா நின்னாலும் வராது." சாரல் என்றைக்கு நிற்கும் என்று கேட்டோம். அது யாருக்குத் தெரியும் என்றார்.

இப்படித்தான் எங்கள் ஊரில் குரலுக்கு வார ஓய்வு வந்தது. திங்கள் மைதீன், செவ்வாய் ஜெபக்கனி, புதன் சுடலைமுத்து, வியாழன் நான், வெள்ளி உலகம்மாள், சனி இன்ஸ்பெக்டர். ஞாயிறு குமார் அண்ணனுக்கே ஓய்வு. ஜெபக்கனிக்கு ஞாயிறு கோயில் பாட்டு இருப்பதால் அவளைச் செவ்வாயில் போட்டோம். ஊர் இதை இரண்டே வாரத்தில் ஜீரணித்துவிட்டது. திங்கட்கிழமை மைதீன் வண்டியில் ஏறுகிறவர்கள் அவன் வாயைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஆஃபா?" என்று கேட்டு, நிறுத்தங்களைத் தாங்களே கூவிக்கொண்டார்கள். இலஞ்சி வந்தால் இலஞ்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கூவுவார்கள். சுடலைமுத்து ஊமையானது மெக்கானிக் ஷெட்டில் ஒரு மாதம் வரை யாருக்கும் தெரியாது, அங்கே சுத்தியல் சத்தத்தில் எல்லோரும் அப்படித்தான். இன்ஸ்பெக்டர் வீட்டம்மா மட்டும் டிப்போவுக்கே வந்து, இரண்டு நாளாகக் கொடுக்க வழியுண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

குமார் அண்ணனுக்கோ வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதைதான். மைதீன் குரல் கிடைத்த திங்களன்று பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று செங்கோட்டை, பண்பொழி, கடையநல்லூர் என்று எந்த வண்டியும் இல்லாமல் சும்மாவே கூவினார், நாலு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏமாந்தார்கள். ஜெபக்கனி குரலில் சென்னையில் இருக்கிற மகளுக்குப் போன் செய்தார். அவள் "யாரு ஆன்ட்டி?" என்று கேட்டாள். "நான் அப்பாட்டி" என்றார். அவள் அழுதாள். அப்புறம் அப்பாவோடு பேசவென்றே ஒவ்வொரு செவ்வாயும் விடுப்பு எடுக்கலானாள். என் குரலில் அவர் என்னிடமே பேசுவது ஒரு மாதிரி இருக்கும். நான் இவ்வளவு அன்பாகப் பேசக்கூடியவன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல்.

உலகம்மாள் மைனி கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டுமானால் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோயாளி பெயர் கேட்டபோது, "பண்பொழி மலையில இருக்காருல்லா, அந்தச் சாமி பேருதாம்மா" என்று சொல்லி, நர்ஸ் கேரளாக்காரி, புரியாமல் முழித்து, நான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பது மைனியின் நம்பிக்கை. பிழைத்து வந்த உயிர் என்பதால் அந்தப் பயம் மூன்று மடங்காகியிருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் காலையில் குளித்து, அவர் முன்னால் வந்து நின்று, உதட்டைக் குவித்து, 'தி' என்ற எழுத்து வரை வந்து, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே ஓடிவிடுவார்.

"நீ மட்டும் குடுக்க மாட்டேங்கியே. ஊரு என்ன பேசுது தெரியுமா?" என்று ஜெபக்கனி ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஊரு பேசட்டும்க்கா," என்றார் மைனி. "எனக்கு அவுக பேசவே வேண்டாம். இருந்தாப் போதும்."

சொல்லிவிட்டு அழுதார். பொய் சொல்கிறவர்கள் அப்படித்தான் அழுவார்கள். பக்கத்து வீட்டுக் குரல் எல்லாம் தன் புருஷன் வாயில் வந்து போக, தன் குரல் மட்டும் போகவில்லை என்ற குறை அவரைத் தின்றுகொண்டிருந்தது. குமார் அண்ணன் இதைப் பற்றி எந்தக் குரலிலும் அவரிடம் ஒரு சொல் கேட்டதில்லை. அவரும் மனைவியை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. 'இந்தா', 'ஏட்டி', அவ்வளவுதான். எங்கள் ஊரில் இது பெரிய குற்றமும் இல்லை.

ஆவணி பிறந்தது. சாரல் நாளுக்கு ஒரு தரம், இரண்டு நாளுக்கு ஒரு தரம் என்று மெலிந்தது. அன்றன்று கொடுத்தவர்கள் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கத் தொடங்கினோம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் நாளில் நின்றுவிட்டால்? மகன் நாளில் சாரல் நின்றுவிடக் கூடாது என்று மைதீனின் தாய் நேர்ந்துகொண்டதும் எனக்குத் தெரியும். எங்களைவிடக் குமார் அண்ணன் பயந்தார். ஆவணி இரண்டாம் வியாழன் அவர் என் குரலைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானமே வந்து "கோமதிநாயகம்" என்றார், நான் "என்ன" என்றேன். பிறகு சார்ட்டில் எல்லாக் கட்டங்களிலும் குறுக்குக் கோடு போட்டு, கீழே எழுதினார்: இனி யாரும் தர வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிவிட்டேன். எனக்கு இது போதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்தன. மலை முகடு இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் துலக்கமாகத் தெரிந்தது. இதுதான் கடைசி என்று பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள்கூடச் சொன்னார்கள். நான் செங்கோட்டை வண்டியை எடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறேன், குமார் அண்ணன் டைம் ஆபீஸ் வாசலில் நிற்கிறார். மைனி தலையில் முக்காடுகூடப் போடாமல், நனைந்துகொண்டு, வண்டிகளுக்கு நடுவில் புகுந்து வந்தார். பத்தடி தள்ளி நின்றார்.

"திருமலைக்குமார்!"

டீக்கடையில் ஆற்றுகிற கை நின்றுவிட்டது. குமார் அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சாரல் இன்னும் பத்து நிமிஷம் தாங்குமோ என்னவோ. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"திருமலைக்குமார்! இவ்வளவு நாள் சொல்லாததுக்கும் சேர்த்துச் சொல்லுதேன், கேட்டுக்கோங்க. ஆயுசு குறைஞ்சா என் ஆயுசுல எடுத்துக்கட்டும். திருமலைக்குமார்!"

இருபத்திரண்டு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத பெயர். எந்த மனுஷன் தாங்குவான்? பல்லைக் கடித்துப் பார்த்தார், திரும்பி நின்று பார்த்தார், மூன்றாவது தடவை அவரால் முடியவில்லை.

"என்னட்டி?" என்றார், மைனியின் குரலில்.

மைனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. குமார் அண்ணன் ஒரு நொடி தன் வாயில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த நொடி, "உலகம்மா!" என்று கத்தினார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. மைனி உதட்டை இறுக்கிக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினார். "உலகம்மா! கொல்லாத. வாங்கிக்கோ. உலகம்மா!" மைனியின் முகம் சிவந்து, கண் நிறைந்து, எப்படியோ வாய் திறந்துவிட்டது. "என்னங்க" என்றார். உடனே, விட்டால் போச்சு என்று, "திருமலைக்குமார்!" அவர் "என்ன", உடனே "உலகம்மா!" அவர் கொடுக்க இவர் கொடுக்க, வெயிலில் நின்று ஒருவர் பெயரை ஒருவர் வீசிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியில் பயணிகள் எல்லோரும் ஒரே பக்கத்து ஜன்னல்களுக்கு வந்துவிட்டதால் வண்டி சாய்ந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பதினோரு நிமிஷம் தாமதம், குறிப்பேட்டை எடுத்துப் பிறகு பையிலேயே வைத்துக்கொண்டார். மைதீன் ஒருவனுக்குத்தான் மேலே பார்க்கத் தோன்றியது.

"நின்னுட்டு," என்றான்.

சாரல் நின்றுவிட்டது. எப்போது நின்றது, அப்போது யார் கூப்பிட்டார், யார் பதில் சொன்னார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. பயந்துகொண்டே மைனி, "திருமலைக்குமார்?" என்றார். குரல் வந்தது. அப்பாடா, மைனியிடம்தான் நின்றது என்று நான் நினைக்கும்போதே குமார் அண்ணன் "என்ன?" என்றார். அதுவும் வந்தது, அதே குரலில்; மைனி வாயில் இப்போது காற்றுதான். காளியப்பனை ஆள் அனுப்பிக் கேட்டோம். ரெண்டு வாய்க்கும் நடுவுல இருக்கப்போ நின்னுருக்கும், அங்கனயே வேர் பிடிச்சிருக்கும், என்று சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

அது முதல் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு குரல். ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. பேச்சு வேண்டுமானால் காத்திருக்க வேண்டும், பேசி முடித்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். சண்டையில்கூட அப்படித்தான். முழுசாகத் திட்டித் தீர்த்துவிட்டு, "திருமலைக்குமார், இப்ப நீங்க சொல்லுங்க" என்பார் மைனி. மகள் போன் செய்தால் இருவரும் ஒரு வாக்கியத்தைப் பாதிப் பாதியாகச் சொல்லி முடிக்கிறார்கள். எங்கள் தெருவில் மற்றப் பெண்களும் மெல்ல மெல்லப் புருஷன் பெயரைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். என் வீட்டில் ஒரு நாள் அடுக்களையிலிருந்து "கோமதிநாயகம்" என்று கேட்டது. நான் பதறி எழுந்து போனேன், தேங்காய் உடைக்கத்தான் கூப்பிட்டாளாம்.

மதிய ஷிப்ட் முடிந்து நான் அவர்கள் வீட்டு வழியாகத்தான் போவேன். சில நாள் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. குமார் அண்ணன் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார், மைனி அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். குரல் யாரிடமும் சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காக அவர் "உலகம்மா" என்பார், இவர் "என்ன" என்பார். கொஞ்ச நேரம் கழித்து இவர் "திருமலைக்குமார்" என்பார், அவர் "என்ன" என்பார். ஒன்றுமில்லை என்று யாரும் சொல்வதில்லை.